சொல்லக் கூசும் பிணி

சேலத்தில் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் நமக்கு, ஊராரின் நோய்களில் பாதி தெரியும். அந்நோய்களை அவர்கள் யார் பெயரால் மறைக்கிறார்கள் என்பதும் தெரியும். டாம்சுலோசின் என்றொரு மருந்து உண்டு. முதுமையில் புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் இறங்காமல் அவதியுறும் ஆண்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது. அதை வாங்க வரும் பெரியவர்களுக்குக் கூச்சம் கிடையாது. "ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியதாக இருக்கிறது, பாய்" என்று கடை வாசலில் நிற்பவர்கள் அனைவருக்கும் கேட்கும்படியே சொல்வார்கள். இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளை வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. "அத்தாவுக்கு" என்கிறான். சீட்டை விரித்துப் பார்த்தால் வயது 28 என்றிருக்கிறது.

நாம் ஒன்றும் கேட்பதில்லை. சீட்டு சரியாக இருந்தால் மருந்தைக் கொடுத்தனுப்புகிறோம். ஆயினும், இது அத்தாவின் வயதில் வரவேண்டிய நோய், தன் வயதில் வந்தது தன் ஆண்மைக்கே இழுக்கு என்று அந்தப் பிள்ளை எண்ணுகிறானே, அந்த எண்ணம் குடும்பங்களில் எத்தனை கேடு செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம். தாய்மார்களும் சகோதரிகளும் இப்பக்கங்களைப் படிக்கிறார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறோம். அவர்களும் அறிந்திருக்க வேண்டிய விஷயம்தான் இது.

சிறுநீர்ப்பையை ஒரு தண்ணீர்த் துருத்தி என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஒரு வாய் உண்டு. மருத்துவர்கள் அதனைச் சிறுநீர்ப்பையின் கழுத்து என்பார்கள். நீரைத் தேக்கி வைத்திருக்கும் நேரமெல்லாம் அவ்வாய் இறுகியிருக்க வேண்டும்; நீர் கழிக்க அமரும்போது துருத்தி சுருங்க, வாய் தானே தளர்ந்து வழிவிட வேண்டும். சில ஆண்களுக்கு இளமையிலேயே இந்த வாய் தளர்வதில்லை. அங்கே கல்லும் இல்லை, கட்டியும் இல்லை, சுரப்பியும் பருக்கவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் கதவு திறப்பதில்லை, அவ்வளவே. துருத்தி மட்டும் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. அமர்ந்து நெடுநேரம் காத்திருத்தல், நூல்போல் மெலிந்த தாரை, விட்டுவிட்டு இறங்குதல், முடிந்த பின்னும் மீதி இருப்பதாகத் தோன்றுதல், எழுந்து நடந்தபின் சொட்டுதல், அரைமணிக்கொரு முறை போகத் தோன்றுதல், இவையெல்லாம் அதன் அடையாளங்கள். 1933இல் ஜார்ஜ் மரியோன் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதனை விரித்தெழுதியதால் அவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிற்று. ஆனால் உயிருள்ள மனிதனில் அந்த வாய் திறக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லாமல் இருந்தது. சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்துகொண்டே எக்ஸ்ரே திரையிலும் பார்க்கும் முறையைக் கொண்டு, இலண்டனில் டர்னர்-வார்விக் என்ற மருத்துவரும் அவர் துணைவர்களும் 1973இல் இதைத் தெளிவாக்கினார்கள்.

ஆக, பெயர் பெற்ற பின்னும் நாற்பது ஆண்டுகள் ஊகத்திலேயே கழிந்த நோய் இது. இன்றும் பல இளைஞர்களுக்கு 'கிருமி' என்றும், 'புராஸ்டேட் அழற்சி' என்றும், 'நரம்புத் தளர்ச்சி' என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக 'சூடு' என்றும் பெயர் சொல்லி வேறேதோ கொடுக்கப்படுகிறது. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சிறுநீர்த் தொல்லையுற்ற ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்கள் 137 பேரை முறையாக அளந்து பார்த்தார்கள். பாதிக்குமேற்பட்டோருக்கு இந்தக் கழுத்தின் அடைப்பே காரணமாக இருந்தது.

நமது வட்டாரத்தில் 'சூடு' என்ற சொல்லுக்கு இருக்கும் செல்வாக்கு வேறெதற்கும் இல்லை. அதில் வியப்புமில்லை. சித்திரை, வைகாசியில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே அனல் காற்றில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாமக்கல், சங்ககிரி என்றால் லாரி; திருச்செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி; இப்பகுதியிலிருந்து புறப்படும் வண்டிகள் வடநாடெங்கும் ஓடுகின்றன. நம் சமுதாயப் பிள்ளைகளும் கணிசமான பேர் ஸ்டியரிங் பிடித்தோ, பட்டறையில் பாடி கட்டியோதான் வாழ்கிறார்கள். நிறுத்த இடமில்லை, நேரமில்லை என்று நீரை அடக்கி ஓட்டுவதும், அடக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைப்பதும் இத்தொழிலில் சாதாரணம். அதனால் கல் உண்டாகலாம், கடுப்பு வரலாம், அடக்கி அடக்கிப் பழகிய இடுப்புத்தளத் தசைகள் தளர மறக்கவும் கூடும். ஆனால் கழுத்து திறவாத நோயை அடக்குவதுதான் உண்டாக்கிற்று என்று சொல்வதற்கில்லை. கணக்கெழுதுபவனுக்கும் வருகிறது, மத்ரஸாவில் ஓதுபவனுக்கும் வருகிறது. வாழைத்தண்டுச் சாறும், நெருஞ்சில் கஷாயமும், பார்லிக் கஞ்சியும் நீரைப் பெருக்குவதற்கென்று நம் வீடுகளில் தருபவை. அவற்றை நாம் இகழவில்லை. கதவு திறவாத வீட்டிற்குள் மேலும் கூட்டத்தை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கச் சொல்கிறோம்.

நமது தமக்கை மகன் ஒருவன், நாமக்கல்லில் இருப்பவன், நாக்பூர் வழியாக வடக்கே லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது அக்கா பெண் பார்க்கத் தொடங்கினார். அவன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தான். பெண் கறுப்பு என்றான், படிப்பு அதிகம் என்றான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான். வேறெங்கோ மனம் வைத்துவிட்டானோ என்று அக்கா நம்மிடம் வந்து அழுதார். ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் அவனே வந்தான். ஒரு துண்டுத்தாளில் மாத்திரைப் பெயர் எழுதியிருந்தது. உடன் ஓட்டும் வயதான டிரைவர் ஒருவர், தாம் சாப்பிடும் மாத்திரையை இவனுக்கும் நாலு நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

"சீட்டில்லாமல் தரமாட்டோம், தம்பி. யாருக்கு இது?" என்றோம்.

வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "எனக்குத்தான் மாமா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

கதை இரண்டு வருடத்துக் கதையாக இருந்தது. முதலில் ஓரிடத்தில் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் கிருமிக்கென்று மாற்றி மாற்றி மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிறகு, விடுதி அறையில் மாதமொரு முறை வந்து 'அந்தரங்க நோய்' பார்க்கும் ஒருவரிடம் போயிருக்கிறான். அவர், "இளமையில் செய்த தவறின் பலன், கல்யாணம் செய்தால் பெண்ணின் வாழ்வு பாழாகும்" என்று சொல்லி, இரண்டு மாதச் சம்பளத்துக்கு லேகியம் விற்றிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவன் எத்தனை ஆயிரம் மைல் ஓட்டினானோ! லேகியத்துக்குக் கொடுத்த பணத்தைக்கூட மன்னித்துவிடலாம். அந்த வாக்கியத்தை நம்மால் மன்னிக்க முடியவில்லை.

அவனைச் சிறுநீரியல் நிபுணர் ஒருவரிடம் நாமே அழைத்துச் சென்றோம். அவர் மருந்தைப் பற்றிப் பேசவேயில்லை. முதலில் அளக்க வேண்டும் என்றார். இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். இளைஞனுக்கு நீர் இறங்காமைக்குக் காரணம் பல. சைக்கிள் பாரிலோ, லாரிப் பலகையிலோ கவட்டில் அடிபட்டவனுக்கும், முன்பு குழாய் செருகப்பட்டவனுக்கும், சில தொற்றுநோய்கள் கண்டவனுக்கும் நீர்ப்பாதையிலேயே தழும்பு விழுந்து சுருங்கிவிடும். அதற்கு மாத்திரை பயன்படாது. கல் நின்றிருக்கலாம். முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம். நீரிழிவு நெடுநாள் இருந்து சிறுநீர்ப்பையே சோர்ந்திருக்கலாம். அப்போது கதவில் குற்றமில்லை, தள்ளுபவனிடத்தில் பலமில்லை. தசை தளர மறந்தவனுக்கு வேண்டியது பயிற்சி. இப்னு சீனா (980–1037) தமது அல்கானூன் நூலில் நீர் இறங்காத் துன்பத்துக்குத் தனியிடம் கொடுத்துக் காரணங்களைப் பிரித்துப் பிரித்தே பேசினார். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, நீர் கட்டிக்கொண்டவர்களுக்குச் செலுத்தும் வெள்ளிக் குழாயைத் தமது அத்தஸ்ரீஃபில் விவரித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் காரணம் தேடியவர்களின் நூல்களைப் பெருமையோடு பேசும் நாம், காரணம் தேடாமல் மாத்திரை தேடுவது பொருத்தமாக இல்லை.

முதல் பரிசோதனை மிக எளியது. யூரோஃப்ளோ என்ற கருவியில் நீர் கழித்தால், நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் இறங்குகிறது என்று அது கோடு வரைந்து காட்டும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, குறைந்தது 150 மில்லியாவது கழித்தால்தான் அக்கோட்டுக்கு மதிப்பு. இளைஞனுக்கு உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் தாராளமாக எழவேண்டும். நம் பிள்ளையின் கோடு ஒன்பதைத் தாண்டவில்லை. பிறகு ஸ்கேனில், கழித்த பின்னும் உள்ளே தங்கிய நீரைப் பார்த்தார்கள். பாதையில் சுருக்கம் இல்லை என்பதை உறுதி செய்தார்கள். கடைசியாக யூரோடைனமிக்ஸ். மெல்லிய குழாய் செலுத்தி, சிறுநீர்ப்பை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று இரண்டையும் ஒருங்கே அளப்பது. கொஞ்சம் கூச்சமும் கொஞ்சம் எரிச்சலும் தரும் பரிசோதனை. பலமாகத் தள்ளியும் கழுத்து திறக்கவில்லை என்று அதில்தான் தெரிந்தது. "உன் உடம்பில் தவறு செய்த அடையாளம் ஒன்றுமில்லை, தம்பி. ஒரு தசை இறுகியிருக்கிறது" என்றார் அந்த மருத்துவர். பையன் அழுதுவிட்டான்.

இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமோ என்று ஏங்குவோருக்கு ஒரு வார்த்தை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் சிறுநீரியல் பிரிவு இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதல் சீட்டுப் போட அங்கே போகலாம்.

இனி மருந்துக்கு வருவோம். 1948இல் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர், அச்சத்திலும் பரபரப்பிலும் உடம்பில் சுரக்கும் பொருள்கள் ஆல்பா, பீட்டா என்ற இருவகை வாங்கிகளின் வழியே வேலை செய்கின்றன என்று கண்டார். சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் ஆல்பா வாங்கிகள் நிறைந்திருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் கழுத்து இறுகும். ஜெருசலேம் நகரில் மார்க்கோ கெய்ன் என்பவரும் அவர் குழுவினரும் 1975இல் இதை மனிதத் தசையில் காட்டி, அவ்வாங்கிகளை அடைக்கும் பினாக்ஸிபென்சமின் என்னும் மருந்தை அடுத்த ஆண்டே நோயாளிகளிடம் சோதித்தார்கள். கத்தியன்றி வேறு வழியில்லை என்றிருந்த அடைப்பு மாத்திரையால் இளகிற்று. ஆனால் அம்மருந்து தலைசுற்றலை மிகுவித்தது, எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் கண்டன, அதனால் கைவிடப்பட்டது. பிரசோசின், டெரசோசின் என்று வந்து, 1990களில் டாம்சுலோசின் வந்தது. இரத்தக் குழாய்களை அதிகம் தொடாமல் கழுத்தையும் சுரப்பியையும் நாடிச் செல்வது அதன் சிறப்பு. அல்ஃபுசோசினும், 2006இல் ஜப்பானில் தொடங்கிய சிலோடோசினும் அதே குடும்பத்தவை.

இம்மருந்துகள் அங்கீகாரம் பெற்றது முதியோரின் புராஸ்டேட் நோய்க்கே. இளைஞனின் கழுத்து அடைப்புக்கு மருத்துவர் தம் பொறுப்பில் எழுதித் தருகிறார். அதில் மோசடி ஏதுமில்லை, உலகெங்கும் அப்படித்தான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, 'எனக்குக் கிழவர் மருந்தா!' என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதும் உண்மை. பலிக்கிறவனுக்குச் சில நாள்களிலேயே மாற்றம் தெரியும். சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பது முறை. நமது மருமகனுக்குப் பலித்தது. நான்கு வாரம் கழித்து வந்தவன், "பள்ளிவாசலில் எல்லோரும் போகிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறதில்லை மாமா" என்றான். மருத்துவரின் கோட்டைவிட நமக்கு அதுவே பெரிய சான்றாக இருந்தது.

லாரிக்காரனுக்கு இம்மருந்தில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். முதல் சில நாள்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து கண் இருட்டும். சிலர் விழுந்தும் விடுவார்கள். ஆகவே முதல் மாத்திரையை வீட்டில் இருக்கும் இரவில் தொடங்கவேண்டும். தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போதல்ல. தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் நிதானம் வேண்டும். ஆண்மைக்கென்று இரகசியமாக விற்கும் மாத்திரைகளை இதனோடு சேர்த்தால் அழுத்தம் அபாயகரமாக வீழும். மூக்கடைப்புக்கும் ஜலதோஷத்துக்கும் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சில, இதற்கு நேர் எதிராகக் கழுத்தை இறுக்கி நீரை அடியோடு கட்டிவிடக்கூடும். அப்படிக் கட்டிக்கொண்டால் அது வீட்டு வைத்தியத்துக்குரிய நேரமன்று. அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். பின்னாளில் கண்புரை அறுவைக்குப் போகும்போதும் இம்மருந்து சாப்பிட்டதைக் கண் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து தொல்லை தரும் என்பது 2005இல் கண்டறியப்பட்டது.

நோன்பு காலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். டாம்சுலோசின் நாளுக்கொரு முறை, உணவுக்குப் பின் சாப்பிடுவது. நோன்பு திறந்து உண்டபின் வைத்துக்கொள்ளத் தடை இராது. பகலெல்லாம் தண்ணீரின்றி உடல் வறண்டிருப்பதால் தலைசுற்றலை மட்டும் கவனிக்க வேண்டும். ஒளு விஷயம் இதைவிட அதிகமாகப் பிள்ளைகளை வாட்டுகிறது. எழுந்தபின் ஒரு சொட்டு விழுந்ததோ, உடை அசுத்தமாயிற்றோ என்று ஐயுற்று ஐயுற்று ஜமாஅத்தையே விட்டுவிடுகிறார்கள். ஓயாது சொட்டும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு; ஹனபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் ஒளு, ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஓர் ஒளு என்று சட்டம் வகுத்திருக்கிறார்கள். எப்போதோ சொட்டுபவன் அதில் அடங்குவானா என்பதை ஆலிமிடம் கேட்டறிய வேண்டும். நோயை ஆலிமிடமும், சட்டத்தை மருந்துக்கடையிலும் கேட்பதுதான் நம்மவர் வழக்கமாக இருக்கிறது!

கடைசியாக, இளைஞனுக்கும் முதியவனுக்கும் உள்ள பெரிய வேற்றுமை. சிறுநீர்ப்பையின் கழுத்து இறுகுவதற்கு இறைவன் வைத்த ஒரு காரணம், தாம்பத்தியத்தின்போது விந்து பின்னோக்கிப் போகாமல் காப்பது. அக்கழுத்தைக் கீறித் திறக்கும் அறுவையும் உண்டு. நல்ல பலன் தருவது. ஆனால் அதன்பின் விந்து வெளிவராமல் உள்ளே திரும்பிவிடும் வாய்ப்பிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கீறினால் அவ்வாய்ப்புக் குறையும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டவருக்கு இது ஒரு பொருட்டன்று. நிக்காஹ் ஆகாதவனுக்கோ இதுவே எல்லாம். ஆகையால்தான் இளைஞனிடம் கத்திக்கு முன் மாத்திரை. மாத்திரையிலும் இத்தொல்லை இல்லாமல் இல்லை. சிலோடோசினில் மிகுதி, டாம்சுலோசினில் ஓரளவு, அல்ஃபுசோசினில் குறைவு. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். கத்தி போட்டதைத் திருப்ப முடியாது. உணர்வுக்கோ, கணவன் மனைவி உறவுக்கோ இதனால் கேடில்லை. இதை மணப்பெண்ணிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தோம். அக்காவுக்கு அது பிடிக்கவேயில்லை. சொன்னபோது அந்தப் பெண், "மாத்திரைதானே?" என்று மட்டும் கேட்டாளாம்.

மணமாகி ஓராண்டான பின், குழந்தைக்காக மருந்தை மாற்றித் தரச் சொல்லி இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போனார்கள். இப்போது அவன் அல்ஃபுசோசினில் இருக்கிறான். தாரை முன்போல் அத்தனை பலமாக இல்லை, போதும் என்கிறான். எத்தனை காலம் இப்படி என்பதற்கு மருத்துவர் நாள் குறித்துச் சொல்லவில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் அடைப்பு திரும்புகிறது. ஆண்டுக்கொரு முறை ஸ்கேனில் தங்கும் நீரையும் சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஏனெனில் வாய் மூடிய துருத்தியின் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிலருக்கு அது மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும், வலியே இல்லாமல். தங்கும் நீர் கூடினாலோ, மருந்து போதாமற் போனாலோ, பிள்ளைப்பேறு முடிந்தபின் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்பது ஏற்பாடு.

வடக்கே போகும் பிள்ளைகள், சீட்டின் நகல் ஒன்றை லைசென்ஸோடு சேர்த்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாக்பூர்க் கடையில் இல்லை என்பார்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் காட்டினால் அதே மருந்தை வேறு அட்டையில் எடுத்துத் தருவார்கள்.